கயிறு பிடித்தவர்கள்

அங்கயற்கண்ணி வலது காதைக் கழற்றி வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டாள். பிறகு இடது காதையும் கழற்றினாள். செவ்வாயின் தூசி நுழையாத இடமில்லை. காது மடிப்புகளில் காவி நிறத்தில் படிந்து, உச்சஸ்தாயியைக் கரகரக்க வைத்துவிடும். மெல்லிய தூரிகையால் இரண்டையும் துடைத்து, உலர்த்தி, கண்ணாடி முன்னால் நின்று பொருத்திக்கொண்டாள். காணாமல் போயிருந்த தெரு இரைச்சல் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை மாலையென்றால் செம்மதுரை நகரத்தில் வீட்டுக்கு வீடு இதே காட்சிதான். அன்று பாட்டு வரும் நாள்.

பூமியிலிருந்து ஒரு நாடகக் குழு செவ்வாய்க்கு வந்து சேர ஏழெட்டு மாதம் பிடிக்கும். அதுவரை ஜனங்கள் மறந்துபோய்விடக் கூடாதே. அதனால் குழுவினர் கப்பலிலேயே ஒத்திகை பார்த்து, நாடகப் பாட்டுகளை அங்கேயே பதிவு செய்து, பயணத்தின் கடைசி மாதங்களில் வாரத்துக்கு ஒன்றாக அனுப்பி வைப்பார்கள். கதையை மட்டும் வெளியே விடமாட்டார்கள். பாட்டைக் கேட்டுக் கதையை ஊகிப்பது ரசிகர்களின் பாடு. அந்த விளையாட்டுக்குக் 'கதைக்கட்டு' என்று பெயர். கப்பல் வந்து இறங்கி, திரை விலகும்போது யார் கட்டிய கதை சரியாக இருக்கிறதோ அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி. அடுத்த நாடகம் வரும்வரை ஊரில் தனி மரியாதை.

இந்த முறை மருதம் நாடக சபாவின் 'மூச்சுக்கடல்'. முத்துக்குளிக்கும் ஒருவனின் கதை என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். செம்மதுரையில் பிறந்தவர்கள் யாரும் கடலைக் கண்ணால் கண்டதில்லை. அதனாலேயே பைத்தியமாகிவிட்டார்கள். ரசிகர் மன்றம் தொடங்கியாயிற்று. மன்றத் தலைவி அங்கயற்கண்ணி.

அவளைத் தலைவியாக்கியதற்குக் காரணம் இருந்தது. நாடகத்தின் எட்டுப் பாடகர்களில் ஒருவன் அவளுடைய தம்பி பொன்னுரங்கம். பாட்டு கற்கப் பூமிக்குப் போனவன், பன்னிரண்டு வருடமாகக் கோஷ்டியில் பின்வரிசையில் நின்று 'ஆ... ஆ...' பாடிக்கொண்டிருந்தான். தனிக்குரல் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. வாரம் தவறாமல் அக்காவுக்குச் செய்தி அனுப்புவான். அதுவும் ஒரு மாதமாக நின்றுவிட்டது. சபாவின் செவ்வாய்க் கிளையைக் கேட்டதற்கு, "கதை கசியாமல் இருக்கக் கப்பலில் மௌன விரதம், எல்லாம் விளம்பர உத்திதான்" என்று சிரித்தார்கள். அங்கயற்கண்ணியும் சிரித்துவிட்டு வந்தாள்.

அவள் மேற்பார்வையாளராக இருந்த பாசிப் பண்ணையின் கேன்டீனில்தான் மன்றம் கூடும். அன்றும் பாசி போண்டாவும் தேநீருமாக முப்பது பேர் கூடியிருந்தார்கள். நேரமானதும் பேச்சு அடங்கியது. ஏழாவது பாட்டு எல்லோருடைய காதிலும் ஒரே கணத்தில் இறங்கியது.

*எட்டுப் பேரில் ஒருவன் மிச்சம், அக்கா,*
*எண்ணி எண்ணி மூச்சு விடுறேன், அக்கா.*

அங்கயற்கண்ணிக்கு மெய்சிலிர்த்தது. பாடுவது ரங்கன். கோஷ்டி இல்லை, வேறு யாரும் இல்லை. தம்பி தனியாகப் பாடுகிறான். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்தது.

"ஒத்தைக் கொரலு," என்றாள் ரஹ்மத்நிஷா. பாசிப் பண்ணையில் வேலை பார்க்கும் பெண். வாயாடி. "மொதப் பாட்டுல எட்டுப் பேரு. நாலாம் பாட்டுலேருந்து கொஞ்சங் கொஞ்சமாக் கழட்டிவிட்டு, போன வாரம் ரெண்டு பேரு. இப்ப ஒண்ணே ஒண்ணு. என்னமா செதுக்கியிருக்காங்க பாத்தீங்களா."

"அந்தச் சுருதியக் கேட்டியா?" என்றார் ஜபமாலை. ஓய்வு பெற்ற சுரங்கப் பொறியாளர். போன இரண்டு நாடகத்துக்கும் கதைக்கட்டில் முதல் நாற்காலி வாங்கியவர் என்பதால் சொல்வதை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். "நாலாம் பாட்டுலேருந்து பின்னாடி ஒரே சுருதி ஓடிக்கிட்டே இருக்கு. தம்புராவும் இல்ல, சங்கும் இல்ல. ஆழ்கடலோட சத்தம்யா அது. எந்த மகராசன் யோசிச்சானோ."

"சரிண்ணே, கதைக்கு வாங்க. கயிறு பிடிக்கிறவன் ஏன் இழுக்க மாட்டேங்கிறான்?" என்றாள் ரஹ்மத்நிஷா.

இதுதான் நான்கு வாரமாக ஊரை இரண்டாகப் பிரித்திருந்த கேள்வி. முத்துக்குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். மூச்சு தீரும்போது கயிற்றை ஆட்டுவான். தோணியில் இருப்பவன் உடனே மேலே இழுக்க வேண்டும். அந்தக் காலத்தில் கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் உடன்பிறப்பைத்தான் நிறுத்துவார்களாம். தன் அக்காள் தாலியறுப்பதை எந்தத் தம்பியும் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை. ஆனால் 'மூச்சுக்கடல்' நாயகன் பாட்டுக்குப் பாட்டு கயிற்றை ஆட்டுகிறான். மேலே இருப்பவன் இழுக்கவே இல்லை.

"மச்சினன்தான் வில்லன்," என்றார் ஜபமாலை. "முத்துப் பங்குல ஆசை. எழுதி வச்சுக்க."

"அப்ப 'மச்சான்'னுதான கூப்புடணும்? 'அக்கா அக்கா'ன்னு எதுக்குக் கூப்புடுறான்? தோணியில ஏது அக்கா?"

"அக்கான்னா கடல் மாதா."

"கடலுக்குள்ளேயே கெடக்குறவன் கடல்கிட்டயே காப்பாத்தச் சொல்லுவானாக்கும்? தலைவி எழுதுனதுதான் சரி."

அங்கயற்கண்ணி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். 'அக்கா என்பவள் யார்?' என்று போன வாரம் அவள் எழுதிய கட்டுரைக்குச் செம்மதுரையே தலையாட்டியிருந்தது. அக்கா என்பவள் பூமி. செவ்வாய்க்கு வந்துவிட்ட மனிதன் மூச்சுமுட்டித் தாய்க்கிரகத்தை அழைக்கிறான். கயிறு என்பது பாசம். இழுக்காமல் இருப்பது பூமியின் அலட்சியம். பக்கத்து நகரத்தார்கூட அந்தக் கட்டுரையை வாங்கிப் போட்டார்கள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றாள் ரஹ்மத்நிஷா போண்டாவைக் கடித்தபடி. "பூமியும் இல்ல, கடலும் இல்ல. ரங்கன் அண்ணன் ஒங்களத்தான் கூப்புடுறாரு. 'அக்கா, கப்பல்ல சோறு சரியில்ல, இம்புட்டு பாசி போண்டா அனுப்பு'ங்கிறாரு."

கேன்டீன் முழுவதும் சிரித்தது. ஜபமாலைக்குப் புரையேறியது. அங்கயற்கண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வந்துர்றேன்."

அவள் பாசித் தொட்டிகளுக்கு நடுவே இருந்த பாதைக்கு வந்து நின்றாள். நீர் கொப்பளிக்கும் ஓசை மட்டும் கேட்டது. ஏழாவது பாட்டை மறுபடி ஓடவிட்டு, காது மடலைத் தேய்த்துக் 'குரலுரி'யை இயக்கினாள். வெங்காயம் உரிப்பது போலப் பாட்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும் வசதி அது. தம்பியின் குரலை மட்டும் தனியாகக் கேட்கவென்று அவள் இதை அடிக்கடி செய்வதுண்டு. ஆனால் மெருகை நீக்கிக் கேட்டதில்லை. யாருமே கேட்பதில்லை. கழுவாத முகத்தை யார் பார்ப்பார்கள்?

கப்பலிலிருந்து வரும் பாட்டுகளைத் 'தாளக்காவலன்' என்ற இயந்திரம் வாங்கி, சரிபார்த்து, மெருகேற்றித்தான் வெளியிடும். தாளமும் சுருதியும் இல்லாத எதையும் அது உள்ளே விடாது. முன்பெல்லாம் பாட்டு வழியில் விளம்பரங்களைக் கண்டபடி திணித்தார்கள் என்று கொண்டு வந்த ஏற்பாடு. உள்ளே வந்த எல்லாச் சத்தத்தையும் பாட்டின் சுருதிக்கு இழைத்துக் கொடுத்துவிடும். எந்த நாளில் வந்து சேர்ந்தாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியிடும்.

அங்கயற்கண்ணி மெருகை நீக்கினாள்.

பாட்டில் கேட்ட பறைச் சத்தம் காணாமல் போய், இரும்புக் குழாயில் விரல் முட்டியால் தட்டும் சத்தம் வந்தது. அடிக்கு அடி இழுத்த இழுப்பு சங்கதி இல்லை. இரைப்பு. ஆழ்கடலின் சுருதி என்று ஊரே கொண்டாடிய அந்த ஒற்றை ஓசை, மெருகு கலைந்ததும் கீச்சென்று கூர்மையாக எழுந்தது. செவ்வாயில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். பள்ளியில் சேர்த்த முதல் நாளே அதைத்தான் கேட்க வைப்பார்கள். காற்று தீருகிறது என்று சொல்லும் அபாய மணி.

மணி நான்காவது பாட்டிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கப்பலில் செய்தி அனுப்பும் மற்ற வழிகள் எல்லாம் செத்துவிட்டன. பாட்டு அனுப்பும் வழி மட்டும் உயிரோடு இருக்கிறது. அந்த வழி தாளத்தோடு வந்தால்தான் திறக்கும். அதனால் பாடுகிறார்கள். ஆபத்து என்பதைப் பாடுகிறார்கள். எட்டுப் பேராகப் பாடினார்கள், ஐந்து பேராகப் பாடினார்கள், இரண்டு பேராகப் பாடினார்கள். செவ்வாயில் அக்கா காது கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்த ஒருவன், அவளை உறவு சொல்லிக் கூப்பிட்டுப் பாடினான்.

அவள் அதற்குக் கட்டுரை எழுதியிருந்தாள்.

வான்தளக் காவல் அதிகாரி குலசேகரன் சட்டையில் 'மூச்சுக்கடல்' சின்னம் குத்தியிருந்தார். அவள் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் அனுதாபத்தோடு கேட்டார்.

"உட்காருங்க மேடம். தண்ணி குடிங்க. உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் இப்படித்தான் ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"நாலாவது பாட்டக் கேட்டுட்டு மீட்புக் கலத்துக்கு மணியடிக்க எந்திரிச்சுட்டேன். எம் பொண்டாட்டிதான் கையப் புடிச்சு, 'உட்காருங்க, நாடகம்'னா. அம்புட்டு தத்ரூபம். ரெண்டு நாள் தூக்கமில்ல. கலைன்னா அதான் மேடம்."

அங்கயற்கண்ணி அவரையே பார்த்தாள். இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. சரியாகத் தோன்றியிருக்கிறது. பாராட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

"சார், அந்த மெருகு இல்லாம ஒரு தடவை கேளுங்க."

"கேட்டா இன்னும் தத்ரூபமா இருக்கும். அவங்களே அப்படி வச்சிருப்பாங்க, நம்மள மாதிரி தீவிர ரசிகருக்காக."

"கப்பல் எங்கிட்டு இருக்குன்னு மட்டும் பாருங்க. பாத்துட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க."

"பாக்க வேணாம்னு சபாவுல கேட்டிருக்காங்களே. வர்ற நாள் கசிஞ்சா சுவாரசியம் போயிருமாம்."

"எந் தம்பி சார் அவன்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று குலசேகரனை எழ வைத்தது. சலித்துக்கொண்டே வான்நோக்கியைத் திருப்பினார். கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது. அதைவிட்டு வெகுதூரம் விலகி, ஒரு புள்ளி தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொண்டு, யாரும் ஓட்டாமல் போய்க்கொண்டிருந்தது. வயிற்றுப் பக்கம் பொத்தலாகியிருந்தது.

குலசேகரன் சட்டையிலிருந்த சின்னத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு மணியை அடித்தார்.

மீட்புக் கலம் போய்ச் சேர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அங்கயற்கண்ணி கேன்டீனுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னாள். தேநீர்க் குவளையோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். ரஹ்மத்நிஷா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜபமாலைதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப, நாலுலேருந்து ஏழு வரைக்கும் நாடகத்துல இல்லையா?"

"இல்லண்ணே."

"வில்லன்..."

"யாருமில்லண்ணே. கயிறு நம்ம கையில இருந்துருக்கு."

அவர் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "எட்டாவது வருமா, தாயி?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதிர்ச்சியில் அது எங்கோ அமுங்கிப் போயிருந்தது.

செய்தி பரவிய அன்று இரவே நான்கு பாட்டுகளையும் மெருகு நீக்கிக் கேட்காதவர் ஊரில் இல்லை. 'பச்சைப் பதிவு' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. அழுதுகொண்டே கேட்டார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்கள். மறுநாள் பக்கத்து நகரங்கள் கேட்டன. அடுத்த நாள் நிலவுக் குடியேற்றங்கள். முதல் மூன்று பாட்டுகளைச் சீண்டுவாரில்லை. எல்லோருக்கும் உடம்பு நலமாக இருக்கும்போது பாடியதில் என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் அவள் கேன்டீனைக் கடந்து போனபோது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆறாம் பாட்டின் கடைசி அடியில் நின்றுபோகும் குரல் நாயகனுடையதா, பின்பாட்டுக்காரருடையதா என்று. ஜபமாலை மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எந் தம்பி சாகக் கெடக்குறான்யா," என்றாள் அவள் வாசலில் நின்று.

ஜபமாலை எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நிஜமாகவே வழிந்தது.

"தெரியும் தாயி. அதான் அம்புட்டு உருக்கமா இருக்கு."

எட்டுப் பேரும் உயிரோடு இருந்தார்கள்.

விண்கல் ஒன்று பட்டுக் காற்றுச் சுத்திகரிப்பியும் பெரிய அலைவாங்கியும் போன பிறகு, மூச்சைச் சேமிக்க ஒவ்வொருவராக உறக்க ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். பாடுவதற்கு யாராவது விழித்திருக்க வேண்டும். கடைசி ஆளாக விழித்திருக்கிறேன் என்று பொன்னுரங்கம் தானாக முன்வந்தானாம். மீட்புக் கலத்திலிருந்து குலசேகரன் இதைச் சொன்னபோது அங்கயற்கண்ணி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவனைப் பார்த்ததும் என்ன சொல்வது? நான்கு முறை கூப்பிட்டாயே, ரசித்துக்கொண்டிருந்தேன் என்றா?

இறங்குதளத்தில் செம்மதுரை முழுவதும் திரண்டிருந்தது. காவலர்கள் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். மன்றத்தாருக்கு மட்டும் முன்னால் இடம் விட்டிருந்தார்கள். உறங்கிக்கொண்டிருந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராகத் தள்ளுபடுக்கையில் கொண்டு போனார்கள். கடைசியாகப் பொன்னுரங்கம் வந்தான். விழித்திருந்தான். முகத்தில் காற்று முகமூடி. கன்னம் ஒட்டி, எலும்பு தெரிந்தது.

"ஒரு நிமிஷம்தான் பேசலாம்," என்றாள் கூட வந்த மருத்துவர். "முகமூடிய எடுக்கவே கூடாது. நுரையீரல் இன்னும் தானா மூச்சு இழுக்கத் தயாராகல."

அங்கயற்கண்ணி அவன் தலையைத் தடவினாள். "ரங்கா, என்னை மன்னிச்சுருடா. நீ கூப்புட்டது எனக்கு..."

அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். முகமூடியை லேசாக விலக்கினான்.

"அக்கா. ஏழாவது எத்தனை பேரு கேட்டாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. "என்னடா?"

"ஏழாவது பாட்டு. என்னோட தனி."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். திட்டுவான், அழுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று இத்தனை நாளாக என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். அவன் கண்ணில் வருத்தமே இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனின் கண் அது.

"எல்லாரும்," என்றாள் நாக்குழற. "நிலவுல கேட்டாங்க. பூமியில கேட்டாங்க. கேக்காத ஆளு இல்லடா."

பொன்னுரங்கத்தின் கண்ணிலிருந்து நீர் காது வரை வழிந்தது. "பன்னெண்டு வருஷம் பின்னாடியே நின்னேன்கா," என்றான். மூச்சு வாங்கியது. "எட்டாவதையும் கட்டி வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை வரட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அவசரப்பட்டுக் கலத்த அனுப்பிட்டீங்களே."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில் நின்றவர்களுக்கு இது கேட்டுவிட்டது. எட்டாவது இருக்கிறதாம் என்ற பேச்சு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், கடைசி வரிசை வரை ஓடி, அங்கிருந்து மௌனமாகத் திரும்பி வந்தது. இறங்குதளத்தில் ஒரு சத்தமில்லை. ஆயிரக்கணக்கான விரல்கள் காது மடலைத் தொட்டுப் பதிவைத் திறந்தன.

பொன்னுரங்கம் கூட்டத்தைப் பார்த்தான். முகமூடியை முழுவதுமாகக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தான். பாடினான்.

*கயிறு தொட்ட கைக்குச் சொல்லு, அக்கா,*
*கனம் குறைஞ்சா நான்தான் போனேன், அக்கா.*

குரல் நூலாக எழுந்தது. அறுந்துவிடும் போலிருந்தது. அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் அவன் அதை மேலே மேலே கொண்டு போனான். அங்கயற்கண்ணியின் கையில் மயிர் நட்டுக்கொண்டது. ஏழாவதைவிட இது நன்றாக இருந்தது. மெருகு இல்லாமல், தாளக்காவலன் இல்லாமல், இவ்வளவு பக்கத்தில் ஒரு குரலை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"முகமூடிய வைங்க," என்றாள் மருத்துவர். "உதடு நீலமாகுது. அம்மா, உங்க கையிலதான் இருக்கு, வைங்க."

மருத்துவர் எட்டிப் பறிக்கப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து நீண்ட ஒரு கை அவள் தோளைப் பணிவாகப் பற்றி நிறுத்தியது.

"சரணம் முடியட்டும்மா," என்றார் ஜபமாலை, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மெல்லிய குரலில்.

அங்கயற்கண்ணி கையிலிருந்த முகமூடியைப் பார்த்தாள். தம்பியின் உதட்டைப் பார்த்தாள்.

சரணம் முடிய இன்னும் இரண்டே அடிதான் இருந்தது. அவள் காத்திருந்தாள்.